கே தெம்போ ஃபா: இத்தாலியில் வெயிலும் குளிரும் பேசுவது பற்றி ஓர் இழை

9 அக்டோபர் 2024, கேள்வி

பொலோஞாவுக்கு முதுகலை படிக்க வந்திருக்கிறேன். மொழி வகுப்பில் ஒரு வாரம் முழுக்க வானிலைப் பாடம். "கே தெம்போ ஃபா?" என்று நூறு தடவை சொல்ல வைத்துவிட்டார்கள். வானிலை எப்படி இருக்கிறது என்று அர்த்தமாம். வெளியே வந்தால் ஒருத்தர் கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. டிகிரி பார்க்க ஃபோன் இருக்கிறது. இந்தப் பாடம் வீண் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

9 அக்டோபர் 2024, இரவு

பாதி சரி, தம்பி. எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரும் ஒரே வானத்தின் கீழ்தான் நிற்கிறார்கள், அதில் கேட்க என்ன இருக்கிறது? அது ஃபோன் கேள்வி. என் பக்கத்து வீட்டு அம்மாவின் மகள் தெற்கே பாரியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் அம்மா முதலில் கேட்பது "தா வோயி கே தெம்போ ஃபா?" உங்க பக்கம் எப்படி இருக்கு என்று. அதற்கு அடுத்ததுதான் பேரன் சாப்பிட்டானா.

நேரில் வானிலையை யாரும் கேட்க மாட்டார்கள், அறிவிப்பார்கள். லிஃப்டில் ஏறும் தாத்தா "ஃபா ஃப்ரெத்தோ, எ?" என்பார். குளிருது, இல்ல? அவருக்கு வேண்டியது தகவல் இல்லை, ஆமோதிப்பு. "எ சீ" (ஆமாமா) என்று ஆரம்பித்து, முடிந்தால் கூட ஒரு புலம்பலும் சேர்த்தால் மூன்றாவது மாடி வருவதற்குள் நீங்கள் அந்தக் கட்டடத்து ஆள். "11 டிகிரி" என்று ஃபோனைப் பார்த்துச் சொன்னால் பேச்சு அங்கேயே செத்துவிடும்.

உச்சரிப்பு பற்றி ஒன்று: இத்தாலியின் த எல்லாம் நம் பல்லில் படும் த. டொக்கு ட கிடையாது. ஃப்ரெத்தோவில் வருவது 'பந்து'வில் வரும் மென்மையான து, அதை அழுத்தி இரட்டிக்க வேண்டும். இது நமக்கு ஓசியில் கிடைத்த வரம்.

10 அக்டோபர் 2024

நேற்று அவசரத்தில் எழுதினேன். பாடப் புத்தகத்தில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும், அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். யாருக்கு வெக்கை, யாருக்குக் குளிர் என்று பார்த்தால் போதும்.

வெளியே ஊருக்கே குளிர் என்றால் ஃபா: ஃபா ஃப்ரெத்தோ, ஃபா கால்தோ (சூடு), ஃபா ஃப்ரெஸ்கோ (இதமான குளிர்ச்சி). ஃபா என்றால் 'செய்கிறது'. யார் செய்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. நம் ஊரில் வெயில் அடிக்கிறது, யாரை அடிக்கிறது என்று கேட்கிறோமா என்ன.

வெளியே ஏதோ ஒன்று இருக்கிறது என்றால் ச்சே: ச்சே இல் சோலே (வெயில் இருக்கு), ச்சே வெந்தோ (காற்று இருக்கு), ச்சே நெப்பியா (மூடுபனி). மேலிருந்து ஏதாவது விழுந்தால் ஒரே வினைச்சொல்லில் வாக்கியம் முடிந்தது: பியோவே (மழை), நேவிகா (பனி), க்ராந்தினா (ஆலங்கட்டி).

குளிர் என் உடம்புக்கு என்றால் ஓ ஃப்ரெத்தோ. 'எனக்குக் குளிர் உண்டு' என்கிற அமைப்பு. இங்கேதான் நம் ஆட்கள் ஆங்கிலத்தின் வழியாகப் போய் விழுகிறார்கள். ஆங்கிலத்தில் நான்தான் குளிர், நான்தான் சூடு. அதை அப்படியே மாற்றி "சோனோ கால்தோ" என்றால், வேறு மாதிரியான சூடு என்று அர்த்தமாகிவிடும், வகுப்பில் சிரிப்பார்கள். தமிழில் யாரும் 'நான் குளிர்' என்று சொல்வதில்லை. 'எனக்குக் குளிருது' என்கிற நினைப்பிலிருந்து நேராகப் போனால் தப்பே வராது.

தட்டு, தண்ணீர், சூப் இதற்கெல்லாம் எ: எ கால்தோ, எ ஃப்ரெத்தோ (தண்ணீர் போலப் பெண்பால் சொல் என்றால் கால்தா, ஃப்ரெத்தா). அவ்வளவுதான் அட்டவணை.

10 அக்டோபர் 2024, இன்னும் ஒன்று

பழைய குழாய்களில் C, F என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். F பக்கம்தான் குளிர்ந்த தண்ணீர், ஃப்ரெத்தா. C என்றால் கால்தா, சுடுதண்ணீர். ஆங்கிலம் படித்த கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

15 அக்டோபர் 2024

இன்றைய தேதிக்கு இந்த ஊரில் தனி மதிப்பு உண்டு. இத்தாலி முழுவதையும் குளிரின் அளவை வைத்து ஏ முதல் எஃப் வரை ஆறு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், 1993-இல் வந்த ஆணை. பொலோஞா, மிலானோ, தொரீனோ எல்லாம் ஐந்தாவது மண்டலம்: அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு அதிகபட்சம் 14 மணி நேரம் வீட்டு ஹீட்டர் ஓடலாம். தெற்கே லாம்பெதூசா தீவு முதல் மண்டலம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அதுவும் நாளுக்கு 6 மணி நேரம்தான். ஆல்ப்ஸ் மலை ஊர்களுக்குக் கட்டுப்பாடே இல்லை. வீட்டுக்குள் வெப்பம் 20 டிகிரி, அதற்கு மேல் இரண்டு டிகிரி வரை போனால் மன்னிப்பு உண்டு. உக்ரைன் போரால் எரிவாயு தட்டுப்பாடு வந்த 2022-23 குளிர்காலத்தில் இதிலும் ஒரு டிகிரியையும் பதினைந்து நாளையும் வெட்டினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? இந்த வாரம் மாடிப்படியில் கேட்கப்போகும் வானிலைக் கேள்வி "ஆன்னோ அச்சேசோ?" ஏற்றிட்டாங்களா? எதை என்று சொல்லவே மாட்டார்கள். தெர்மோசிஃபோனி, சுவரோடு ஒட்டிய அந்த இரும்பு ஹீட்டர்களைத்தான். கையை அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு "அங்கோரா நோ" (இன்னும் இல்லை) என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். உங்கள் பாடப் புத்தகத்தில் இந்த வாக்கியம் இருந்தால் எனக்குப் பக்க எண் அனுப்புங்கள்.

20 அக்டோபர் 2024

கேள்வி கேட்ட தம்பி, பத்திரமா? நேற்று ராத்திரி பெய்த மழையில் ராவோனே ஓடை பொங்கி வியா சாஃபி தெருவே ஆறாகிவிட்டது. அந்த ஓடை நகரத்துக்கு அடியில் மூடிய வாய்க்காலாக ஓடுகிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்கும் அது பொங்கும்போதுதான் நினைவு வருகிறது.

விளையாட்டுப் பேச்சை ஓரம் வைக்கிறேன். அல்லெர்த்தா மெதேயோ என்று செய்தி வந்தால் அது வானிலை எச்சரிக்கை. ஜால்லா (மஞ்சள்), அரஞ்சோனே (ஆரஞ்சு), ரொஸ்ஸா (சிவப்பு). சிவப்பு என்றால் தரைக்குக் கீழுள்ள அறை, கார் நிறுத்தும் இடம், ஓடைப் பாலம் பக்கம் போகக் கூடாது. எஸொந்தாத்தோ என்ற சொல் கேட்டால் ஆறு கரை தாண்டிவிட்டது. 2023 மே மாத வெள்ளத்தில் இந்த எமிலியா-ரொமாஞா மாநிலம் முழுக்க அந்தச் சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பத்திரிகைக்காரர்கள் 'பொம்பா தாக்வா' என்று எழுதுவார்கள், தண்ணீர் வெடிகுண்டு. வானிலை ஆட்களுக்கு அதைக் கேட்டாலே பிடிக்காது, அவர்கள் சொல் நுபிஃப்ராஜோ. நம் ஊர் செய்திகளில் பலத்த மழைக்கெல்லாம் மேகவெடிப்பு என்று போடுகிறார்களே, அந்தக் கதைதான்.

11 நவம்பர் 2024

சான் மார்த்தீனோ நாள். நவம்பர் நடுவில் திடீரென்று சில நாள் வெயில் வந்தால் அதை எஸ்தாத்தே தி சான் மார்த்தீனோ, புனித மார்த்தீனோவின் கோடை என்பார்கள். குளிரில் நடுங்கிய ஒரு பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்தாராம், உடனே வெயில் அடித்ததாம்.

இந்த வருஷம் அவர் கோடை எங்கே என்று பக்கத்து வீட்டம்மா ஜன்னலைத் திறந்து வானத்திடம் கேட்டார். வெளியே மூடுபனி.

12 நவம்பர் 2024

மூடுபனி என்று எழுதிவிட்டு யோசித்தேன். இத்தாலி வானிலையில் நமக்குக் கஷ்டம் தரும் ஒரே இடம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். தமிழில் மார்கழிப் புல்லின் மேல் இருப்பதும் பனி, ஊட்டியில் புல் வெளுத்துக் கிடப்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, ஆல்ப்ஸில் கொட்டுவதும் பனி. இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி ஆள்: புல்லில் துளி என்றால் ருஜாதா, அது உறைந்து வெள்ளையானால் ப்ரீனா, சாலையை மறைத்தால் நெப்பியா, லேசாக மங்கினால் ஃபொஸ்கியா, கொட்டினால் நேவே, கீழே வழுக்கினால் கியாச்சோ. வேலைக்கு லேட்டாகப் போய் "நேவே" என்று காரணம் சொன்னால் மேலாளர் ஜன்னலைப் பார்ப்பார். காரணம் நெப்பியாவாக இருந்தால் நம்புவார். வட இத்தாலியில் 'போ' என்ற ஆற்றின் சமவெளியில் அதைவிடப் பழைய சாக்கு இல்லை.

எதிர்க்கணக்கும் உண்டு. தூறல், சாரல், அடைமழை, கோடைமழை என்று நாம் கொட்டும் இடத்தில் அவர்கள் ஒட்டுகளால் சமாளிக்கிறார்கள். பியோஜ்ஜா மழை, பியோஜ்ஜெரெல்லா பூந்தூறல். வெந்தோ காற்று, வெந்திச்செல்லோ இளங்காற்று. ஃப்ரெத்தோ குளிர், ஃப்ரெத்தீனோ கொஞ்சமாய்ச் சுருக்கென்று. தெம்போ வானிலை, தெம்பாச்சோ நாசமாப்போன வானிலை. சொல்லின் வாலைப் பார்த்தாலே பேசுபவர் முகம் தெரியும்.

18 நவம்பர் 2024

சிசிலியின் பலெர்மோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அக்கா எழுதியிருக்கிறார்: "நீங்கள் வடக்கில இருந்துகொண்டு பனியைப் பற்றியே கதைக்கிறியள். இஞ்ச வந்து ஷிரோக்கோவைப் பாருங்கோ. ஊரில சோளகம், கச்சான், வாடை, கொண்டல் எண்டு காத்துக்குப் பேர் வைச்ச சனம் நாங்கள். இஞ்சத்தைச் சனமும் அப்பிடித்தான்."

அக்கா சொன்னது நியாயம். நான் காற்றை ஒரு வரியில் தாண்டிவிட்டேன். வடக்கிலிருந்து த்ரமொந்தானா, வடமேற்கிலிருந்து மயெஸ்த்ராலே, தென்மேற்கிலிருந்து லிபெச்சோ, வடகிழக்கிலிருந்து க்ரெகாலே, தென்கிழக்கிலிருந்து ஷிரோக்கோ. சகாராவின் வெக்கையையும் செம்மண் தூசியையும் கடல் தாண்டிக் கொண்டுவருவது இந்தக் கடைசி ஆள். பலெர்மோவின் பழைய பணக்கார வீடுகளில் தரைக்கு அடியில் பாறையைக் குடைந்து, தண்ணீர் ஓட விட்டு ஒரு அறை கட்டியிருப்பார்கள். ஷிரோக்கோ அறை என்றே பெயர். ஏசிக்கு முன்னோடி.

இன்னொரு கோடியில் த்ரியெஸ்தே. அங்கே போரா என்ற காற்று அடிக்கும், 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுப்பது சாதாரணம். மக்கள் பிடித்துக்கொண்டு நடக்கத் தெருவோரம் கயிறு கட்டிய ஊர் அது. வானம் தெளிந்து அடித்தால் போரா க்யாரா, மேகமும் மழையுமாக அடித்தால் போரா ஸ்கூரா: வெளிச்ச போரா, இருட்டு போரா.

காற்றுக்கு ச்சே வெந்தோ என்று அக்டோபர் 10-ஆம் தேதி எழுதியிருந்தேன். அதைவிட அதிகம் காதில் விழுவது தீரா வெந்தோ, காற்று இழுக்கிறது. இரண்டும் சரி.

19 நவம்பர் 2024

பலெர்மோவின் பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு நம் ஆட்கள் ஏறுவது தெரியுமா என்று அக்கா கேட்கிறார். ஆமாம், தெரியும். அதற்குத் தனி இழை போடுங்கள், படிக்கிறேன்.

6 டிசம்பர் 2024

தம்பிக்குக் காய்ச்சலாம். மருத்துவரிடம் "102" என்று சொல்லியிருக்கிறார், அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

இங்கே காய்ச்சலும் செல்சியஸ்தான். 102 என்றால் 38,9. புள்ளிக்குப் பதில் கமா, சொல்லும்போது "த்ரெந்தொத்தோ எ நோவே", முப்பத்தெட்டும் ஒன்பதும். 37-க்கு மேல் ஒன்றிரண்டு புள்ளி என்றால் "க்வால்கே லீனேயா தி ஃபெப்ரே", சில கோடு காய்ச்சல். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் டிகிரிக்கு நடுவே இருந்த சின்னக் கோடுகள். கருவி போய்விட்டது, கோடு பேச்சில் மிச்சம். 37,3-க்கெல்லாம் படுத்துக்கொள்ளும் ஆண்களைப் பற்றிய நகைச்சுவை இங்கே ஏராளம், உங்கள் 38,9 மரியாதையான காய்ச்சல். கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குங்கள்.

30 ஜனவரி 2025

ஜனவரி 29, 30, 31 மூன்றும் ஜோர்னி தெல்லா மெர்லா, கருங்குருவியின் நாட்கள். வருஷத்திலேயே குளிரான மூன்று நாள் இவைதான் என்பது நம்பிக்கை. மெர்லா முன்பு வெள்ளையாக இருந்ததாம். குளிர் தாங்காமல் குஞ்சுகளோடு புகைபோக்கிக்குள் போய் மூன்று நாள் ஒண்டியதாம், பிப்ரவரி 1 வெளியே வந்தபோது கரிக்கட்டை.

பொதுவாக ஜனவரி ஆரம்பத்தில் இதைவிடக் குளிர் இருக்கும். அதைச் சொல்லிப் பார்த்தேன். மீன் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

இந்த நாட்களுக்கு உரிய வாக்கியம் "ஃபா உன் ஃப்ரெத்தோ கானே", நாய்க் குளிர். அதற்கும் மேலே "சி ஜேலா", உறையுது. மழையும் சேர்ந்தால் "தெம்போ தா லூபி", ஓநாய்க்கு உகந்த வானிலை. டிகிரி பூஜ்யத்துக்குக் கீழே போனால் மைனஸ் என்றும் சொல்லலாம், ஆனால் "த்ரே சொத்தோ ஸேரோ" (பூஜ்யத்துக்கு அடியில் மூன்று) என்பதில்தான் அந்தத் திருப்தி இருக்கிறது.

2 பிப்ரவரி 2025

ஃபிரென்ஸே (ஃபுளோரன்ஸ்) போயிருந்தேன். கலிலேயோ அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் பழைய வெப்பமானிகள். விரல் தடிமன் கண்ணாடிக் குழாய், அடியில் குமிழ், உள்ளே ஆல்கஹால், வெளியே டிகிரிக்கு ஒரு பொட்டாக உருக்கி ஒட்டிய குட்டிக் கண்ணாடி மணிகள். ஒன்று ஐம்பது டிகிரிக்காரன், இன்னொன்று சுருள் சுருளாய்க் கோயில் விளக்கு அலங்காரம் போல நிற்கிறது.

1654-இல் தொஸ்கானாவை ஆண்ட இரண்டாம் ஃபெர்தினாந்தோ தே மெதிச்சி ஒரே மாதிரி வெப்பமானிகளைச் செய்வித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார். ஃபிரென்ஸே, மலை மேல் வல்லொம்ப்ரோஸா மடம், பார்மா, மிலானோ, வெளியே இன்ஸ்ப்ரூக், பாரிஸ், வார்சா வரை. எங்கள் பொலோஞாவும் பட்டியலில் உண்டு. பாதிரிமார்கள் நாளுக்குப் பல முறை பார்த்துக் குறித்தார்கள். 1667-இல் கதை கிட்டத்தட்ட முடிந்தது. உலகத்தின் முதல் வானிலை நிலைய வலை அது. ஆக, "க்வாந்தி க்ராதி ச்சி சோனோ?" (எத்தனை டிகிரி இருக்கு?) என்று நம்மைக் கேட்கும் உரிமை இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

3 பிப்ரவரி 2025

ஒருவர் கேட்டிருக்கிறார்: டிவியில் வானிலை சொல்பவர் ஏன் ராணுவ உடையில் வருகிறார்? இத்தாலியின் தேசிய வானிலைச் சேவை விமானப் படையின் கையில் இருக்கிறது. 1960-களின் கடைசியிலிருந்து கர்னல் எத்மோந்தோ பெர்னாக்கா அரசுத் தொலைக்காட்சியில் பொறுமையாக விளக்கி வீட்டுப் பெரியவர் ஆகிவிட்டார். வயதானவர்கள் இன்றும் மழை வருமா என்பதற்கு "பெர்னாக்காவைக் கேளு" என்பார்கள்.

13 மார்ச் 2025

"மார்த்சோ பாத்ஸெரெல்லோ, க்வார்தா இல் சோலே எ ப்ரெந்தி லொம்ப்ரெல்லோ." கிறுக்குப் பிடித்த மார்ச்: வெயிலைப் பார், குடையை எடு. இயைபு எப்படி விழுகிறது பாருங்கள், நம் பழமொழிக்காரர்களும் ஒத்துக்கொள்வார்கள். இதே குடும்பத்தில் "ரொஸ்ஸோ தி சேரா, பெல் தெம்போ சி ஸ்பேரா", சாயங்காலம் சிவந்தால் நல்ல வானிலை எதிர்பார்க்கலாம். "ச்சியேலோ அ பெகோரெல்லே, ஆக்வா அ காதிநெல்லே": வானத்தில் செம்மறிக் குட்டிகள் தெரிந்தால் தண்ணீர் பேசின் பேசினாகக் கொட்டும். இந்த மூன்றையும் சரியான நாளில் சொல்லிப் பாருங்கள். இலக்கணப் பிழை எல்லாம் மன்னிக்கப்படும்.

பொலோஞாவில் குடை பாதி வழிக்குத்தான். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தத் தூண் வரிசை நடைபாதைகள், போர்த்திச்சி, ஊரையே மூடியிருக்கின்றன. பொலோஞாக்காரர் மழையில் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு எப்படித் திரும்புவார் என்பதே ஒரு கலை. மறுபக்கம் கடக்கும் அந்த நாலு மீட்டரில் மட்டும் ஓட்டம்.

14 மார்ச் 2025

மறந்துவிட்டேன், கொல்போ தாரியா. 'காற்றின் அடி'. ஈரத்தலையோடு வெளியே போனால், வேர்த்த உடம்போடு ஜன்னல் எதிரே உட்கார்ந்தால், கழுத்தில் துண்டு சுற்றாமல் மார்ச் மாதம் நடந்தால் இது வரும். வந்தால் கழுத்து பிடிக்கும், வயிறு சரியில்லாமல் போகும், சகலமும். மருத்துவப் புத்தகத்தில் தேடாதீர்கள். வாடைக்காற்று பட்டால் நீர்க்கோத்துக்கொள்ளும் என்று வளர்ந்த நமக்கு இதை நம்புவதில் சிரமமே இல்லை. என் அம்மா இங்கே வந்தபோது பக்கத்து வீட்டம்மாவும் அவரும் பேசப் பொது மொழி இல்லாமலே, என் ஈரத்தலையைக் காட்டி ஒரே அணியில் சேர்ந்துவிட்டார்கள்.

16 ஏப்ரல் 2025

ஆன்னோ ஸ்பெந்தோ. அணைச்சிட்டாங்க. அதே இரும்பு, அதே மாடிப்படி. இன்று வெளியே நல்ல குளிர், அதனால் வசனம் தயார்: "பியோவே, கொவெர்னோ லாத்ரோ!" மழை பெய்யுது, திருட்டு அரசாங்கம். எதற்கும் பொருந்தும் பழைய வாசகம். மழை இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

17 ஏப்ரல் 2025

இலக்கணச் சண்டை ஒன்று வந்திருக்கிறது. 'மழை பெய்தது' என்பதற்கு "ஆ பியோவூதோ" தவறு, "எ பியோவூதோ" மட்டுமே சரி என்று ஒருவர் கோபமாக எழுதுகிறார். பள்ளியில் அவர் ஆசிரியை அப்படிச் சொன்னாராம். அந்த ஆசிரியை பலருக்கும் கிடைத்திருக்கிறார். இரண்டுமே சரி, இலக்கண நூல்கள் இரண்டையும் ஏற்கின்றன. எவ்வளவு நேரம் பெய்தது என்று சொல்லும்போது ஆ தான் வாயில் வரும்: "ஆ பியோவூதோ துத்தா லா நொத்தே", ராத்திரி பூரா பெய்தது. தேர்வில் எது எழுதினாலும் மதிப்பெண் உண்டு.

அவர் பதில் போட்டிருக்கிறார், ஏற்கவில்லையாம். சரி.

20 மே 2025

வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஒருமுறையாவது இதைக் கேட்பீர்கள்: "நோன் ச்சி சோனோ பியூ லே மெட்ஸே ஸ்தாஜோனி." இடைப்பருவங்களே இப்போது இல்லை, நேராகக் குளிரிலிருந்து கோடைக்குப் போய்விடுகிறோம் என்று. இது தேய்ந்துபோன வாசகம் என்று அவர்களே கேலி செய்வார்கள், கேலி செய்துகொண்டே சொல்வார்கள்.

2 ஜூலை 2025

ஆஃபா. ஆஃபா. ஆஃபா.

2 ஜூலை 2025, ஏசி உள்ள நூலகத்திலிருந்து

விளக்கம் கேட்கிறார்கள். ஆஃபா என்றால் புழுக்கம். காற்று அசையாது, வேர்வை காயாது, மூச்சு கனக்கும்.  தமிழைப் போலவே இத்தாலிக்கும் ஒரு சொல் போதும். "ச்சே ஆஃபா" என்று பெருமூச்சோடு சொன்னால் யாரும் உங்களை வெளிநாட்டுக்காரர் என்று நினைக்க மாட்டார்கள். உடனே எதிராளி "நோன் எ இல் கால்தோ, எ லுமிதிதா" என்பார்: சூடு கூடப் பரவாயில்லை, இந்த ஈரப்பதம்தான். சென்னையிலும் இதே வாக்கியம்தான்.

சுகாதார அமைச்சகம் கோடையில் 27 நகரங்களுக்கு வெப்ப எச்சரிக்கை போடுகிறது. உச்ச நிலைக்குப் பேச்சு வழக்கில் பொல்லீனோ ரொஸ்ஸோ, சிவப்புப் பொட்டு. இந்த வாரம் பொலோஞாவுக்கும் அந்தப் பொட்டு. இந்தக் கோடையில் பல மாநிலங்கள், வெப்பம் கடுமையான நாட்களில் பகல் 12:30 முதல் 16:00 வரை வெட்டவெளி வேலையைத் தடை செய்திருக்கின்றன. கட்டட வேலையிலும் தோட்ட வேலையிலும் நம் ஆட்கள் நிறையப் பேர், மேஸ்திரி மறந்தால் நினைவுபடுத்துங்கள்.

5 ஜூலை 2025

எண்ணைப் பற்றி முதல் குறிப்பில் எழுதியதைக் கொஞ்சம் மாற்றுகிறேன். டிகிரி சொன்னால் பேச்சு செத்துவிடும் என்றேன். ஜூலையில் எண் செல்லும், ஆனால் ஒரே ஓர் எண்: க்வாராந்தா, நாற்பது. நம் பத்திரிகைகளில் வெயில் சதம் அடிப்பது போல. அந்த 100 ஃபாரன்ஹீட்டில், இங்கத்திய கணக்கில் 37,8 தான். இவர்கள் 40 தொட்டால்தான் கொண்டாடுவார்கள். மருந்துக் கடைப் பலகையில் பச்சை எழுத்தில் 41 என்று ஓடும், நேர் வெயிலில் சுடும் பலகை அது, அதை நம்பக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புவார்கள். புலம்பலுக்குச் சாட்சியாக வந்தால் எண்ணுக்கு மரியாதை.

உண்மையான சாதனை சிசிலியில்: 2021 ஆகஸ்ட் 11, சிராக்கூசா பக்கம் 48,8 டிகிரி. உலக வானிலை அமைப்பு சரிபார்த்து ஐரோப்பாவின் அதிகபட்சம் என்று ஒத்துக்கொண்டது. அதற்கு முன் 1977-இல் ஏதென்ஸின் 48.

செய்தித்தாளில் கரோந்தே வருகிறான், செர்பெரோ வருகிறது என்று பார்த்துப் பயப்படாதீர்கள். இறந்தவர்களை அக்கரை சேர்க்கும் படகோட்டியும் பாதாளத்து மூன்று தலை நாயும். வெப்ப அலைகளுக்குத் தனியார் வானிலைத் தளம் சூட்டும் பெயர்கள் அவை, விமானப் படை அறிக்கையில் இருக்காது.

28 ஜூலை 2025

தம்பியின் புதுக் கேள்வி: கடையில் "ஃப்ரெஸ்கா ஓ அ தெம்பெராத்தூரா அம்பியெந்தே?" என்கிறார்களே. தண்ணீர் பாட்டில் ஃப்ரிட்ஜிலிருந்தா, வெளியே இருப்பதா என்று கேட்கிறார்கள். ஃப்ரிட்ஜ் பானம் நன்றாக இருந்தால் அது ஃப்ரெஸ்கா. ஃப்ரெத்தா என்றும் சொல்லலாம், குற்றமில்லை. ஆனால் பீர் விளம்பரத்தில் ஃப்ரெஸ்கா தான் பார்ப்பீர்கள். ஃப்ரெத்தா என்பது ஆறிப்போன பாஸ்தாவுக்கும் வரும் சொல் ஆயிற்றே.

10 ஆகஸ்ட் 2025

இப்போது ஓடுவது சொல்லேயோனே, சிம்ம ராசியில் சூரியன் நிற்கும் காலத்து வெயில். இன்னொரு பெயர் கனீகோலா, 'குட்டி நாய்': பெருநாய் விண்மீன், அதாவது சிரியஸ், விடியலில் சூரியனோடு எழும் காலம். நாமும் சூரியன் கார்த்திகையில் நிற்கும்போது அக்னி நட்சத்திரம் என்கிறோம், அவர்களும் நட்சத்திரத்தையே குற்றம் சொல்கிறார்கள். வித்தியாசம், நமக்கு மே மாதத்தோடு கத்திரி முடிகிறது.

15-ஆம் தேதி ஃபெர்ராகோஸ்தோ, கோடை நடுவில் வரும் பொது விடுமுறை. ஊர் காலியாகும், பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கும். ரொட்டியும் மாத்திரையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

19 ஆகஸ்ட் 2025

தம்பி எழுதுகிறார்: வாய்மொழித் தேர்வு வருகிறது, எது படிக்க? வானிலையா, வேறு எதாவதா?

வேறு எதாவது படியுங்கள். வானிலை உங்களுக்கு வந்துவிட்டது. போன வாரம் லிஃப்டில் தாத்தாவிடம் "சி முவோரே தி கால்தோ" (வெக்கையில் செத்துருவோம் போல) என்று நீங்களே ஆரம்பித்ததாகவும், அவர் இரண்டு மாடிக்கு நிறுத்தாமல் பேசியதாகவும் 16-ஆம் தேதி எழுதியிருக்கிறீர்கள். இறந்தகாலத்தைப் பாருங்கள், அதில்தான் இன்னும் தடுமாறுகிறீர்கள். ஆ பியோவூதோ, எ பியோவூதோ பற்றித் தேர்வாளர் சண்டைக்கு வந்தால் ஏப்ரல் 17 கோபக்காரரை அனுப்பி வைக்கிறேன்.